கந்தவிலிருந்து கண்டுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாலைதீவைப் பற்றி நடுநிலையாகப் பேச எனக்கு வராது. லீவுக்கு ஊருக்கு வந்த மூன்றாம் நாள், உடப்புசல்லாவை பஸ் ஸ்டாண்டில் ஒருவர், "என்னா டீச்சர், அந்தத் தீவெல்லாம் எப்படி?" என்று பேச்சுக்குக் கேட்டார். பாவம், அவர் ஏறவேண்டிய நுவரெலியா பஸ் போனது. அதற்கடுத்ததும் போனது. மூன்றாவது பஸ்ஸில் என் வீட்டுக்காரரே அவரைக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். அந்த மனிதரிடம் சொல்லி முடிக்காததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் கணித டீச்சர். அம்மா உடப்புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவர். பத்தனை ஸ்ரீபாத கல்விக் கல்லூரியில் பயிற்சி, பிறகு சனி ஞாயிறுகளில் ஓடி ஓடிப் படித்து எடுத்த பி.எட்., பிறகு தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பதினோரு வருடம் படிப்பித்தல் என்று என் கதை நேர்கோட்டில்தான் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் கந்தப்பளைப் பக்கத்து மரக்கறிக்காரர். லீக்ஸும் கரட்டும் அவர் சொன்ன பேச்சைக் கேட்கும். 2021 இல் ரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். லீக்ஸ் பென்சில் பருமனுக்கு வந்தது. அடுத்த வருடம் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறியது. எண்ணெய் இல்லை, பஸ் இல்லை, பாடசாலையும் இல்லை. அந்த வருடத்தை எங்கள் நாட்டுக்காரர் எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை.

வெளிநாடு என்றதும் மகள் சொன்னது கொரியா. அவளுக்குக் கொரிய நாடகப் பைத்தியம். ஒன்பது வயதிலேயே அந்த மொழியில் சாப்பாடு கேட்பாள். எங்கள் பக்கத்துப் பொடியன்களும் கொரிய மொழிப் பரீட்சைக்கு வகுப்பு வகுப்பாகப் போகிறார்கள். 2004இல் இலங்கை செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அங்கே பெக்டரிக்கும் மற்ற வேலைகளுக்கும் ஆள் எடுக்கிறார்கள். ஆனால் கொரிய அரசுப் பாடசாலைகளில் ஆங்கிலம் படிப்பிக்கிற திட்டம் இருக்கிறதே, 1995இல் தொடங்கியது, அதற்கு ஏழே ஏழு நாட்டுக்காரர்தான் போகலாம்: அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா. அந்த வரிசையை மகளிடம் வாசித்துக் காட்டினேன். "நம்ம பேரு இல்லயா?" என்றாள். அத்தோடு கொரியா முடிந்தது.

அப்போதுதான் கூடப் படித்த ஒருத்தி, "ஏன் புள்ள, மாலைதீவு இருக்குதே" என்றாள். அங்குள்ள அரசுப் பாடசாலைகளில் காலங்காலமாக நம் நாட்டு ஆசிரியர்களும் இந்திய ஆசிரியர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். திவெஹி மொழியும் இஸ்லாமும் தவிர மற்றப் பாடங்களெல்லாம் அங்கே ஆங்கிலத்தில்தான். 2022 ஜூனில், அரச ஊழியர்கள் சம்பளமில்லா லீவில் ஐந்து வருடம்வரை வெளிநாடு போகலாம், பென்ஷனுக்கும் சேவைமூப்புக்கும் பாதகமில்லை என்று சுற்றறிக்கை வந்தது. இரவோடிரவாக விண்ணப்பத்தை நிரப்பினேன். நடுவில் ஒரு ஏஜென்சிக்காரர் சுளையாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு போனை எடுக்காமல் விட்ட கதை தனி. அதை நினைத்தால் இன்றைக்கும் தேத்தண்ணி கசக்கும், விடுங்கள்.

பாஸ்போட் கைக்கு வந்த அன்று அம்மா அதை விளக்குக்குப் பக்கத்தில் வைத்தார். என் தாத்தா எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவராகவே செத்தவர். 1948 சட்டம் எங்கள் சனத்தின் குடியுரிமையைப் பறித்ததும், அதன் கடைசி முடிச்சு 2003 வரை அவிழாமல் கிடந்ததும் உங்களுக்குத் தெரியும். அந்தத் தாத்தாவின் பேத்திக்கு இன்னொரு நாடு, "எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வாருங்கள்" என்று கடிதம் போட்டிருக்கிறது! அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. கடிதத்தை நான்கு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

எங்களுக்கு விழுந்த தீவு ஃபுவாமுலா. மாலேயிலிருந்து தெற்கே ஏறக்குறைய 500 கிலோமீட்டர், சின்ன விமானத்தில் பூமத்திய ரேகையைத் தாண்டிப் போகவேண்டும். மேலிருந்து பார்த்தால் மாலைதீவு முழுக்க நீலச் சேலையில் யாரோ மோர் தெளித்த மாதிரி இருக்கும். ஆயிரத்துக்கு மேற்பட்ட தீவுகள். ஆள் குடியிருப்பது இருநூறுக்கும் குறைவு. மற்றத் தீவுகள் பெரும்பாலும் வளையம் வளையமாகக் கூட்டத்தோடு இருக்க, ஃபுவாமுலா நடுக்கடலில் தனியாக நிற்கிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனை நாலரை கிலோமீட்டர் இருக்கும். ஹைபொரஸ்ட்டிலிருந்து உடப்புசல்லாவைக்கு வளைந்து வளைந்து வந்தவர்களுக்கு ஒரு நாடே கைக்குட்டை மாதிரி விரிந்து கிடந்தால் எப்படி இருக்கும்? முதல் மாதம் நடக்கும்போது கால் தானாக உயர்ந்து உயர்ந்து வைத்தது. இல்லாத படியைத் தேடியது.

இந்தத் தீவுக்கு எனக்கு முன்னால் வந்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் பயணி இப்னு பதூதா. மாலைதீவில் காதியாக, என்னைப்போலவே வெளிநாட்டிலிருந்து வந்த உத்தியோகத்தராக, வேலை பார்த்துவிட்டு 1344இல் கிளம்பியவர், 'மூலுக்' என்ற தீவில் எழுபது நாள் தங்கினாராம். அது ஃபுவாமுலாதான் என்கிறார்கள். பிறகு அவர் கப்பலேறி இலங்கைக்கு வந்து சிவனொளிபாத மலை ஏறினார். நான் ஸ்ரீபாதவின் பெயர் கொண்ட கல்லூரியிலிருந்து ஃபுவாமுலாவுக்குப் போனவள். ஒரே பாதை, எதிர்த்திசை. இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் பெருமையில் இரண்டு அங்குலம் வளர்ந்தேன்.

மொழியைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. திவெஹி சிங்களத்தின் தூரத்துத் தங்கை. சிங்களத்தில் எக, தெக, துன, ஹதர, பஹ; அங்கே எகே, தே, தினே, ஹத்தரே, ஃபஹே. பகரம் எங்கே வருகிறதோ அங்கே உதட்டைக் கொஞ்சம் ஊதினால் பாதி மொழி வந்துவிடும்! மலையகத்தில் வளர்ந்தவர்களுக்குச் சந்தைச் சிங்களம் எப்படியும் தெரியும். அதனால் வந்த ஒரு மாதத்தில் நான் மீன்காரரிடம் பேரம் பேசினேன். எழுத்து வலமிருந்து இடம் போகிறது, தானா என்று பெயர். அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு இலக்கங்கள் ஒன்று முதல் ஒன்பதிலிருந்து வந்தவை. அடுத்த ஒன்பது, பழைய உள்ளூர் இலக்கங்களிலிருந்து வந்தவை. எண்ணையே எழுத்தாக்கிவைத்த சனங்கள்! கணித டீச்சருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இன்னும் கேளுங்கள். தோணி அங்கேயும் தோணிதான். 'கிளி' என்றால் பறவை கிடையாது, குளம். ஃபுவாமுலாவில் பண்டார கிளி, தடிமகி கிளி என்று இரண்டு நன்னீர்க் குளங்கள் இருக்கின்றன. "வாங்க, கிளி பார்க்கப் போவோம்" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கூப்பிட, என் மகள் பச்சைக்கிளிக்குக் கொய்யாப்பழம் கொண்டுபோனாள். எல்லாவற்றையும்விட என்னை அசத்தியது ஒரு சொல். சிங்களத்தில் 'கந்த' என்றால் மலை. திவெஹியில் 'கண்டு' என்றால் கடல். நான் கந்தவிலிருந்து கண்டுக்குப் போனவள். மொழியறிஞர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ, எனக்கு இது யாரோ எனக்காகவே செய்துவைத்த சிலேடை.

பாடசாலைக்கு வருவோம். நம் ஆட்கள் 'இஸ்கூல்' என்றால் அவர்கள் 'ஸுகூலு' என்பார்கள். ஞாயிறு தொடங்கி வியாழன் முடிய வேலை. வெள்ளியும் சனியும் லீவு. நான் 7ஆம், 8ஆம் தரங்களுக்குக் கணிதம். ஊரில் நாற்பது பேருக்கு ஒரு கரும்பலகை. அங்கே என் வகுப்பில் இருபத்திரண்டு பேர். இருபத்திரண்டே பேர்! ஒவ்வொரு கொப்பியையும் திறந்து பார்க்க நேரம் கிடைத்தது, அதனாலேயே என் தொழில் எனக்குப் புதிதாகக் கிடைத்தது. என் ஆங்கிலம் தோட்டத்து ஆங்கிலம் என்று முதல் வாரம் குன்றிப்போயிருந்தேன். பிள்ளைகளுக்கோ அது ஒரு விஷயமாகவே படவில்லை. அவர்களுக்கும் அது வீட்டில் பேசாத மொழிதானே, இருவருமே ஓரடி தள்ளி நின்று பேசினோம்.

அப்புறம் வந்தது படித்திறன் பாடம். ஒரு கோடு எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு நகர்கிறது, இரண்டுக்கும் என்ன விகிதம். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே தேவையில்லை. லயத்திலிருந்து பாடசாலைக்கு ஏறிவரும்போதே முழங்காலில் படித்துவிட்டு வருவார்கள். ஆனால் மாலைதீவு முழுவதிலும் இயற்கையான ஆக உயர்ந்த இடமே 2.4 மீட்டர்தான். நுவரெலியா 1868 மீட்டர். என் வகுப்பில் பலர் மலையைக் கண்ணால் கண்டதில்லை. பலகையில் சாய்கோடு வரைந்தேன், கூரையைக் காட்டினேன், சைக்கிள் சாய்ந்து நிற்பதைக் காட்டினேன். தலையாட்டினார்கள். முகத்தில் ஒன்றும் எரியவில்லை.

அன்றிரவு அம்மாவுக்குப் போன் போட்டேன். மறுநாள் வகுப்பில் பத்து மணி, ஊரில் பத்தரை. அம்மா தம்பி பிள்ளையின் போனைப் பிடித்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற ஒரே இடமான ஸ்டோர் வளைவுக்கு மேலே தேயிலைக்குள் நின்றார். திரையில் அந்த மலை வந்ததும் வகுப்பு 'ஓ' என்று எழுந்தது. பச்சை செங்குத்தாக ஏற, அதில் புள்ளி புள்ளியாகப் பெண்கள், முதுகில் கூடை, இடுப்பில் படங்கு. பின்னால் பனிமூட்டம் வேறு, நேரம் பார்த்து வந்து சேர்ந்தது. ஒரு பொடியன் கேட்டான், "மிஸ், அவர்கள் ஏன் உருண்டு விழாமல் நிற்கிறார்கள்?" அம்மாவிடம் தமிழில் கேட்டேன். "பெருவெரல ஊணி நிக்கணும்னு சொல்லு" என்றார், ஏதோ உலகத்துக்கே தெரிந்த விஷயம் மாதிரி. பிறகு லயத்துப் படிக்கட்டைக் காட்டச் சொல்லி, ஒரு படியின் உயரத்தையும் அகலத்தையும் அம்மாவைச் சாணால் அளக்கவைத்து, இருபத்திரண்டு பேரும் எங்கள் வீட்டுப் படித்திறனைக் கண்டுபிடித்தார்கள்! அடுத்த நாள் இடைவேளையில் பார்த்தால், முற்றத்து மணலில் ஒரு கூட்டம் பெருவிரலை ஊன்றி ஊன்றி நடந்துகொண்டிருக்கிறது.

பதினோரு வருடப் படிப்பித்தலில் அப்படி ஒரு பாடம் எனக்கு அமைந்ததில்லை. மலையைவிட்டு இறங்கினால்தான் பிள்ளைகளுக்கு எதிர்காலம் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள் எங்களை. இறங்கி, கடல் தாண்டி, பூமத்திய ரேகையும் தாண்டிப் போனேன். அங்கே நான் கொண்டுபோனதிலேயே பெறுமதியான சாமான் அந்த மலைதான்.

குடும்பத்தோடு போவதா, தனியாகப் போவதா என்று என்னிடம் பல டீச்சர்மார் கேட்கிறார்கள். சேர்ந்து போங்கள், அம்மாமாரே! எங்கள் சனத்தில் பெண்கள் வெளிநாடு போவது புதிதல்ல. பிள்ளையை விட்டுவிட்டு மத்திய கிழக்குக்குப் போய், வளர்ந்த பிள்ளையை விமான நிலையத்தில் அடையாளம் தேடியவர்களை எனக்குத் தெரியும். நான் உழைக்கப்போக, என்னில் தங்கியிருப்பவர் என்ற விசாவில் ஆம்பளை வந்தார். ஊரில் அதற்கு என்னென்ன பேச்சு! "பொண்டாட்டி சம்பளத்துல குந்தித் திங்கப்போறான்" என்றார்கள். குந்தினாரா? விசாப்படி சம்பள வேலை செய்ய முடியாது, அதனால் வீட்டு முற்றத்தைக் கொத்தினார். ஃபுவாமுலாவில் மண் நல்ல மண். சேம்பும் வாழையும் மாவும் விளைகிற, மாலைதீவிலேயே அபூர்வமான பூமி. கரட் அந்தச் சூட்டுக்கு வரவேயில்லை, மூன்று தடவை விதைத்துத் தோற்றார். மிளகாய், கத்தரி, வல்லாரை மூன்றும் தளதளவென்று வந்தன. தீவில் மரக்கறி விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும், ஆகவே எங்கள் முற்றம் கொஞ்ச நாளில் தெருவின் பேச்சாகிவிட்டது. காலையில் ரொட்டி சுட்டு, மகளுக்குத் தலைபின்னி, சைக்கிளில் ஏற்றிவருவார். அந்தத் தலைப்பின்னல் கொஞ்சம் கோணல்தான். மகள் அவிழ்க்க விடமாட்டாள்.

அவள் எங்கள் பாடசாலையிலேயே படித்தாள். ஆறு மாதத்தில் திவெஹியில் சண்டை பிடித்தாள், எட்டு மாதத்தில் கனவில் பேசினாள். தூண்டுக் கடற்கரையில் மணலுக்குப் பதில் வெள்ளை வெளேரென்று வழவழப்பான குறுங்கற்கள். அள்ளினால் கைக்குள் சிரிக்கும். வெள்ளிக்கிழமை பின்னேரமானால் மூவரும் அங்கேதான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் பெரிய புலிச்சுறாக்கள் திரிகின்றன. அதைப் பார்க்கவென்றே உலகம் முழுக்க இருந்து ஆட்கள் முங்க வருகிறார்கள். என் வீட்டுக்காரர் அதைக் கேட்ட நாளிலிருந்து கணுக்காலுக்கு மேல் கடலில் நனைந்ததில்லை.

குறையே இல்லையா என்றால், ஏன் இல்லை. சூடு. வருடம் முழுக்க ஒரே சூடு. கம்பளி போர்த்திப் படுத்த சனம் நாங்கள், காற்றாடிக்குக் கீழே நெளிந்தோம். பொது இடத்தில் இஸ்லாம் தவிர வேறு வழிபாடு கிடையாது, சாமிச்சிலை கொண்டுபோகக் கூடாது. இது அந்நாட்டுச் சட்டம். மனம் ஒப்பினால் போகவேண்டும், ஒப்பாவிட்டால் போகக்கூடாது, போய்விட்டுப் புலம்பக்கூடாது. தேர்த் திருவிழா நாளில் மட்டும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். சம்பளம் ருஃபியாவில் வரும். அதை டொலராக மாற்றி ஊருக்கு அனுப்புவதற்குத் தனிச் சாமர்த்தியம் வேண்டும். ஊரில் ஒரு சாவு என்றால் அன்றைக்கே வந்துசேர முடியாது. பெரிய வருத்தம் வந்தால் மாலேக்குப் பறக்கவேண்டும். இவ்வளவுதான் என் பட்டியல், பாருங்கள், ஒரு பந்திக்குள் அடங்கிவிட்டது.

ஆசிரியர் தினமோ எனக்கு இரண்டு! மாலைதீவில் ஒக்டோபர் 5, இலங்கையில் ஒக்டோபர் 6. ஐந்தாம் திகதி மாலை கையில் பூவும் அட்டையும் சுமந்து வீடு வந்தால், ஆறாம் திகதி காலையில் பழைய பிள்ளைகளின் வாட்ஸ்அப் குரல்கள்.

கடைசியாகச் சாப்பாடு. ஆனால் இதைத்தான் முதலில் எழுதியிருக்கவேண்டும். முதல் நாள் காலையில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு தட்டை மூடிக்கொண்டுவந்து தந்தார். திறந்தால்? ரொட்டி, பக்கத்தில் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் மிளகாயும் மீனும் பிசைந்த சம்பல்! அவர்கள் அதை ரொஷி, மஸ்ஹுனி என்கிறார்கள். எனக்கு லயத்துக் குசினி. ஊரில் அம்மா உரலில் இடிக்கிற மாசி இருக்கிறதே, சின்ன வயதில் அது ஏதோ நம் கடைக்காரர் செய்கிற சாமான் என்று நினைத்திருந்தேன். அது இந்தத் தீவுகளில் சூரை மீனை அவித்து, புகைபோட்டு, வெயிலில் கட்டையாகக் காயவைத்து, நூற்றாண்டுகளாகக் கப்பலேறி நம்மிடம் வந்துகொண்டிருப்பது. திவெஹியில் மீனுக்கே 'மஸ்' என்றுதான் பெயர். அவர்கள் குடிக்கிற 'ஸாய்' பக்கம் திரும்பினால், அது நம் தேயிலை. ஆக, நாங்கள் அவர்கள் மீனையும் அவர்கள் எங்கள் கொழுந்தையும் ஒருவரையொருவர் பார்க்காமலே இத்தனை காலம் சாப்பிட்டு வந்திருக்கிறோம்!

அந்த அக்காவுக்கு ஒரு நாள் அம்மா கொடுத்துவிட்ட தேயிலையில் சாயம் ஊற்றிக் கொடுத்தேன். உடப்புசல்லாவைத் தேயிலை, ஜூலைக்கும் செப்டெம்பருக்கும் இடையில் காய்ந்த காற்றடிக்கிற பருவத்தில் எடுத்தது. கோப்பையை வெளிச்சத்தில் பிடித்தால் லேசாக ரோஜா நிறம் ஓடும். அவர் ஒரு மிடறு குடித்தார், பேசவில்லை, இன்னொரு மிடறு குடித்தார். "பராபரு" என்றார். அங்கே அது அருமை என்பதற்குச் சொல்லும் சொல். என் காதில் நம் 'பரவாயில்லை' மாதிரி விழ, முதலில் கொஞ்சம் கோபப்பட்டேன். பிறகு, என் அம்மா பறித்த மலைத் தேயிலை என்று சொன்னதும், கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், அதில் கறை இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி.

இந்த லீவுக்குக் கிளம்பும்போது அவர் ஒரு முழு மாசிக்கட்டையைக் கடதாசியில் சுற்றித் தந்தார், "உன் அம்மாவுக்கு" என்று. வந்த அன்றே அம்மா அதை உரலில் போட்டு இடித்தார். இடிக்க இடிக்க வாசம் கதவைத் தாண்டிப் போக, பக்கத்துக் காம்பராக்களிலிருந்து ஒவ்வொருவராக எட்டிப்பார்த்தார்கள். அம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இது கட மாசி இல்ல புள்ள, வேற. அந்தப் பொம்பள புகைய அளந்து போட்டுருக்கா" என்றார். உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு, அடுப்புக்கு மேலே காயவைத்திருந்த தேயிலைப் பையை எடுத்து எடை பார்க்கிற மாதிரி கையில் தூக்கினார். "அவங்க வீட்ல எத்தன பேரு? ஒரு கிலோ காணுமா?"